இல்லாத ஐந்து பேர்

எங்கள் பிரிவில் செல்லி என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று ஒரு வியாழக்கிழமை மதியத்துக்குள் பதினோராயிரம் பேர் முடிவு செய்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவள் எனக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து ராகிக் களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

வரிசையாகச் சொல்கிறேன். மூக்கண்டப்பள்ளியில் வண்டிகளுக்கு இரும்புச் சாமான் வார்த்துக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்று வாய் சொல்கிறதே தவிர, நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். வார்த்து ஆறின சாமான் எங்கள் பக்கம் வரும்போது ஓரமெல்லாம் பிசிறும் முள்ளுமாக இருக்கும். கிரைண்டரைப் பிடித்து அதை உரசி எடுப்பது எங்கள் வேலை. பதினான்கு பேர் இருக்கிறோம். கம்பெனியில் யாரும் கேட்டு வாங்காத வேலை அது. வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

இரண்டு வருடம் முன்பு வருகை நோட்டை எடுத்துவிட்டு போனில் ஒரு ஆப் கொண்டுவந்தார்கள். காண்ட்ராக்டர் நாராயணப்பனின் மச்சான் அத்திப்பள்ளியில் கடை போட்டுச் செய்து கொடுத்தது. காலை எட்டு மணிக்குள் கேட்டுக்கு உள்ளே நின்று ஆள் நம்பரையும் பாஸ்வேர்டையும் போட்டு ஒரு பச்சைக் கட்டத்தைத் தொட வேண்டும். எட்டு தாண்டினால் கட்டம் சிவப்பு. அரை நாள் சம்பளம் போய்விடும். போன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டோம். சூப்பர்வைசர் ஹரீஷ்குமார், “யார் போன்ல இருந்தாச்சும் போடுங்க. எட்டு மணிக்கு எனக்குப் பதினாலு பச்சை வேணும்” என்றார். பாஸ்வேர்டு எல்லோருக்கும் ஒன்றேதான், ஓசூர் ஒன் டூ த்ரீ. அதை அவரே பெரிய எழுத்தில் அச்சடித்துத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டிவைத்தார்.

எங்களில் ஐந்து பேரிடம் அப்படிப்பட்ட போன் இல்லை. என்னிடம் இருந்தது. அதனால் தினமும் காலை ஏழு ஐம்பத்தெட்டுக்கு எனக்கும் அந்த ஐந்து பேருக்கும் நான்தான் பச்சை போடுவேன். நாலு பேர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். ஐந்தாவது ஆள் செல்லி. அவள் அந்த நேரத்துக்கு பஸ்ஸில் இருப்பாள்.

அஞ்செட்டிக்கும் அந்தப் பக்கம் அவள் ஊர். விடியலில் ஒரு பஸ், அதை விட்டால் பத்து மணிக்குத்தான். அந்த முதல் பஸ் தேன்கனிக்கோட்டையில் நின்று, மாடுகளுக்கு நின்று, டிரைவர் டீ குடித்து, ஓசூருக்கு வந்து சேர்கிறபோது ஏழே முக்கால் தாண்டிவிடும். அங்கிருந்து டவுன் பஸ். எட்டே காலுக்குக் கேட்டுக்குள் ஓடிவருவாள். சாயங்காலம் நாங்கள் கை கழுவப் போன பிறகு கால் மணி நேரம் இருந்து இரும்புத் தூளைக் கூட்டி அள்ளிவிட்டுப் போவாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஹரீஷ்குமாருக்கு எல்லாம் தெரியும். தெரியாத ஆள் மாதிரி கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் போய் நின்றுகொள்வார்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை, ‘திறந்த வாசல்’ என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்ட ஒரு கும்பல் நாராயணப்பனின் ஆப்புக்குள் புகுந்து இரண்டாயிரத்து முந்நூறு ஆட்களின் லிஸ்ட்டை எடுத்து வெளியே போட்டது. பேர், போன் நம்பர், பாஸ்வேர்டு, எந்த போனில் இருந்து எத்தனை மணிக்குப் பச்சை போட்டோம் என்பது வரைக்கும். கூடவே ஒரு கடிதம். நாங்கள் எதையும் உடைக்கவில்லை, கதவு திறந்துதான் கிடந்தது, தொழிலாளர் நன்மைக்காகவே காட்டுகிறோம் என்று எழுதி, கீழே சிரிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார்கள். கதவு திறந்து கிடக்கிறது என்று காட்டியவன், உள்ளே குளித்துக்கொண்டிருந்தவளையும் சேர்த்து ஊருக்குக் காட்டினான். அதுதான் அந்த நன்மை.

தகவல் கொண்டுவந்தவன் சுடலைமுத்து. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு கிரைண்டர் பிடிக்கிறவன். பத்து மணி டீக்கு உட்கார்ந்தபோது போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“அண்ணாச்சி, நாமெல்லாம் பெரிய ஆளாயிட்டோம். உம்ம பேரு எல்லப்பன்னு சுத்தமா போட்டிருக்கான் பாத்தேரா. கலியாணப் பத்திரிகையில கூட உம்ம பேரை இவ்வளவு பெரிசா போட்டிருக்க மாட்டாவ.”

“என்னாத்துக்குப் போட்டிருக்கான்?”

“நம்ம பாஸ்வேர்டு எல்லாருக்கும் ஒண்ணாம். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கி.”

நான் நாற்பத்திரண்டு வயதில் எழுத்துப் படித்தவன். வேகமாகப் படிக்க வராது. படித்தவர்கள் கண்ணை ஓட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று போவேன், அதனால் ஒரு வரியும் என்னிடம் தப்பாது. அன்று வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முந்நூறு பேர் அதற்குக் கீழே எழுதியதைப் படித்து முடித்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

‘தலைவா மாஸ்’ என்று எண்பது பேர் எழுதியிருந்தார்கள். எந்தத் தலைவன், முகம் தெரியுமா, பேர் தெரியுமா, ஒன்றும் கிடையாது. ‘இவனுங்களுக்கு எதுக்கு ஆப், கைநாட்டு போதுமே’ என்று ஒருவன். ‘நானாவது எங்க வீட்டு நாய் பேரை பாஸ்வேர்டா வெச்சிருக்கேன், இவனுங்க அதுகூட இல்ல’ என்று இன்னொருவன். அவன் படத்தைத் தொட்டுப் பார்த்தால் நாயோடு பிறந்தநாள் கொண்டாடுகிறான், கேக்கில் நாயின் பேர் எழுதியிருக்கிறது. இந்த அறிவாளிதான் எங்களைப் பார்த்துச் சிரித்தவன். டிஜிட்டல் விழிப்புணர்வு பற்றி நீளமாக ஒருவர் எழுதியிருந்தார். நல்ல தமிழ். பொறுமையாகக் கடைசிவரை படித்தேன். கடைசியில் அவர் நடத்துகிற கம்ப்யூட்டர் வகுப்புக்கு நம்பர் கொடுத்திருந்தார். ‘முழு லிஸ்ட் லிங்க் கிடைக்குமா ப்ரோ’ என்று கேட்டவர்களை எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு பேர். பூட்டு சரியில்லையே என்று வருத்தப்பட்டவர்களைவிட உள்ளே போக வழி கேட்டவர்கள் அதிகம்.

லிங்க் எல்லோருக்கும் கிடைத்திருக்கும் போல. மறுநாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. “எல்லப்பனா? பாஸ்வேர்டு மறந்துடுச்சு, கொஞ்சம் சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். எனக்கு வந்தது அவ்வளவுதான். பேக்கிங் பிரிவுப் பெண்களுக்கு வந்த போன் வேறு மாதிரி. அதை எழுத வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொருவரும் சொந்தமாகப் புதிய பாஸ்வேர்டு வைக்க வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. யாருக்கும் சொல்லக் கூடாது. குழாய்க்கு மேலே இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் இதை ஒட்டினார்கள்.

திம்மப்பன் அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டான். டிராலி தள்ளுகிற ஆள், போன் இல்லாத ஐவரில் ஒருவன். கேட்டு முடித்ததும் என்னைத் திருப்பிக் கேட்டான்.

“யாருக்கும் சொல்லாம வெச்சா, மறந்துட்டா யாரைக் கேக்கறது?”

நியாயமான கேள்வி. உத்தரவு போட்டவர்களுக்கு மறந்தால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், வேறு கொடுக்கும். எங்களுக்கு மறந்தால் அரை நாள் போகும். பதினான்கு பேரும் சோற்று நேரத்தில் உட்கார்ந்து பேசினோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஊர்ப் பேர் நீளம், சாமிப் பேர் வேண்டாம் என்று ஓடியது. கடைசியில் சுடலைமுத்து சொன்னதுதான் நிலைத்தது.

“ஹரீஷ்குமார் சார் பைக்கு நம்பரை வைப்போம். தெனமும் கேட்டுப் பக்கத்துலதான நிக்கி. மறந்தா எட்டிப் பாத்துக்கிடலாம்.”

பதினான்கு பேரும் அதையே வைத்தோம். புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். அந்த முந்நூறு பேருக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள்.

வியாழக்கிழமை ‘டேட்டா துரை’ என்று ஒருவன் வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட படம். அந்த லிஸ்ட்டை முழுக்க அலசி ஆராய்ந்ததாக எழுதியிருந்தான். அவன் கண்டுபிடித்தது இது: ஒரே போன், தினமும் ஏழு ஐம்பத்தெட்டு, ஆறு பேர். எல்லப்பன் ஒருவன்தான் நிஜ ஆள், மற்ற ஐந்தும் பேய் ஆட்கள். இல்லாத ஐந்து பேருக்கு இரண்டு வருடமாகச் சம்பளம் எழுதி யாரோ தின்கிறார்கள். ஐந்து பேரின் பெயரையும் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். போன் இல்லாத மனிதன் என்று ஒருவன் இருக்கக்கூடும் என்பது அந்தக் கண்ணாடிக்குள் ஏறவில்லை. பதினோராயிரம் பேர் அதை எடுத்துப் பரப்பினார்கள். அதில் ஒருத்தருக்கும் ஏறவில்லை.

“செல்லியக்கா, நீங்க பேயாம்” என்றான் சுடலைமுத்து.

“இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?” என்றாள் செல்லி. “என் வீட்டுக்காரன் கலியாணத்தன்னிக்கே சொன்னான்.”

எல்லோரும் சிரித்தோம். அதுதான் நாங்கள் கடைசியாகச் சிரித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு ஐம்பத்தெட்டுக்கு என் போனில் எனக்கு மட்டும் பச்சை வந்தது. மற்ற ஐந்து நம்பருக்கும் ‘இந்த ஆள் இல்லை’ என்று வந்தது. கம்பெனியின் தலைமை ஆபீசில் யாரோ அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டு நாராயணப்பனைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். அவர் தன் கழுத்து தப்பினால் போதும் என்று, விசாரணை முடியும்வரைக்கும் என்று சொல்லி ஐந்து பேரையும் லிஸ்ட்டில் இருந்து நீக்கிவிட்டார். எட்டே காலுக்கு ஓடிவந்த செல்லியைக் கேட்டில் நிறுத்தினார்கள். திம்மப்பனும் மற்ற மூவரும் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு ஹெச்.ஆர். சுப்ரியா மேடம் எங்கள் ஆறு பேரையும் ஹரீஷ்குமாரையும் உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசு. சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலாகிவிட்டது.

“எல்லப்பன், உங்க போன்தானே?”

“ஆமாங்க மேடம். இவங்ககிட்ட போன் இல்லீங்க. அதான் நான் போட்டேன்.”

“அவ்வளவுதானே? இதுக்கு ஏன் எல்லாரும் இப்படிப் பயந்து நிக்கிறீங்க? கேட்ல கேமரா இருக்கு. தினமும் இவங்க உள்ள வர்றது அதுல இருக்கும். ஒரு மாசத்தை எடுத்துப் பார்த்துட்டு, அஞ்சு பேரும் இருக்காங்கன்னு நானே எழுதி அனுப்பிடறேன். இன்னிக்கே முடிஞ்சுடும்.”

நான் தரையைப் பார்த்தேன். ஹரீஷ்குமார் ஏசியைப் பார்த்தார். கேமராவில் செல்லி இருக்கிறாள், சந்தேகமே இல்லை. எட்டே காலுக்கு இருக்கிறாள். லிஸ்ட்டில் ஏழு ஐம்பத்தெட்டு. அவள் இருக்கிறாள் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி, அவள் பொய்ப் பதிவு போட்டாள் என்பதற்கும் சாட்சி. அந்தக் கம்பெனியில் பொய்ப் பதிவுக்கு விசாரணை கிடையாது. அன்றே வெளியே.

“வேணாங்க மேடம்” என்றாள் செல்லி.

“ஏன்மா? உங்களுக்கு நல்லதுதானே?”

“வேணாங்க.”

திம்மப்பன் நினைத்திருந்தால் கேமராவைப் போடுங்கள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏழே முக்காலுக்கு முன்பே வந்துவிடுகிற ஆள். மற்ற மூவரும் அப்படித்தான். நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. ஆனால் அவர்கள் திறக்காததும் நான் திறக்காததும் ஒன்றல்ல. செல்லி வருவதற்கு முன்பே அவளுக்குப் பச்சை போட்டது என் விரல். அதைச் சொன்னால் என் வேலை போகும் என்று சும்மா இருந்தேன்.

தான் இருப்பதற்குச் சாட்சி வேண்டாம் என்று சொல்கிற ஆளை மேடம் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த நல்லெண்ணம் அடங்கிவிட்டது.

வெளியே வந்ததும் சுடலைமுத்து ஒரு யோசனை சொன்னான். பேய் என்று சொன்ன இடத்திலேயே போய் ஐந்து பேரின் படத்தைப் போடுவோம், அந்தத் துரை வாயை மூடட்டும் என்றான். டீக்கடைச் சுவர் ஓரமாக ஐந்து பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தான். செல்லி மாஸ்க்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்தான் எழுதினேன். இரண்டு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. ‘நீங்கள் வட்டம் போட்ட ஐந்து பேர் இவர்கள்தான். பேய் இல்லை, என்னோடு வேலை செய்கிற மனிதர்கள்.’

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தோம்.

‘எல்லப்பன் வந்துட்டார் பாருங்க’ என்று ஒருவன். ‘காண்ட்ராக்டர் காசு கொடுத்த அக்கவுண்ட்’ என்று ஒருவன். இன்னொருவன் படத்தைப் பெரிதாக்கி, மாஸ்க்கைப் பிடித்த கையைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டு, ‘நாலு விரல்தான் இருக்கு, இது ஏஐ படம்’ என்று எழுதியிருந்தான். டேட்டா துரையே நேரில் வந்து பதில் சொல்லியிருந்தான்: ‘நல்ல முயற்சி சார். அடுத்த தடவை விரலை எண்ணிட்டுப் போடுங்க.’ அதற்கு நாலாயிரம் பேர் சிரித்தார்கள்.

செல்லிக்கு இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. மூன்று வருடம் முன்பு கிரைண்டர் கல் வெடித்துப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அரிவாள்மனையில் பட்டது என்று சொல்லச் சொன்னார் நாராயணப்பன். அப்படியே சொன்னோம். அதனால் கம்பெனிக் காகிதத்தில் அவளுக்குப் பத்து விரல் இருக்கிறது.

“என்னா எழுதியிருக்கான் எல்லண்ணா?”

படித்துச் சொன்னேன். அவள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“வெரல் இல்லைன்னா ஆளே இல்லைன்றானா.” மாஸ்க்கை மடித்துக்கொண்டே, “அவன் ஓட்டற வண்டியில இருக்கற சாமானு நான் உரசினதாத்தான் இருக்கும். அதைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டச் சொல்லு” என்றாள்.

டிபன் பாக்ஸைப் பையில் போட்டாள். பஸ் ஏறப் போகும்போது என்னைப் பார்த்து, “எல்லா எழுத்தும் படிக்கற. வாய் மட்டும் தொறக்க மாட்டேங்கற” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

சனிக்கிழமை ஒன்பது பேர் வேலை செய்தோம். வார்ப்புப் பக்கத்துக்கு எங்கள் பக்கம் ஆள் குறைந்தது தெரியாது. அவர்கள் வார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். திங்கட்கிழமை நாராயணப்பன் இரண்டு புது ஆட்களைக் கூட்டிவந்தார். ஒருவன் பதினொரு மணிக்குக் கண்ணில் தூள் விழுந்தது என்று போனவன் திரும்பவில்லை. இன்னொருவன் சோற்று நேரத்தில் காணாமல் போனான். அவர்கள் உரசியதெல்லாம் பள்ளம் விழுந்து திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை பிசிறு எடுக்காத சாமான், பின் என்கிற பெரிய இரும்புப் பெட்டிகளில் நிரம்பி, பதினொரு பின் நின்றது. புதன்கிழமை பதினேழு. ஏற்றிப் போக வந்த லாரி இரண்டு நாளாகக் கேட்டுக்கு வெளியே நின்றது. டிரைவர் அதன் நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான்.

டேட்டா துரை இதற்குள் ‘பேய் ஆட்கள் நீக்கப்பட்டனர், நம் வெற்றி’ என்று எழுதியிருந்தான். ‘திறந்த வாசல்’ வேறு ஏதோ பள்ளிக்கூடத்து லிஸ்ட்டை எடுத்துப் போட்டிருந்தது. பதினோராயிரம் பேரும் அங்கே சிரிக்கப் போய்விட்டார்கள்.

பேய்கள் போனதும் வேலை ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை ஹரீஷ்குமார் என்னிடம் வந்தார். சட்டை வேர்த்திருந்தது.

“எல்லப்பா, திம்மப்பனுக்குச் சொல்லி அனுப்பினா, செல்லி வந்தாத்தான் வருவோம்ன்றான். மத்த மூணு பேரும் அதையே சொல்றாங்க. அந்தம்மாவுக்கு ஒரு போன் போடு.”

“அவகிட்ட போன் இல்லீங்க சார்.”

“அட, எதாச்சும் ஒரு நம்பர் இருக்கும்ல?”

“இல்லீங்க. இருந்திருந்தா என் போன்ல போட்டிருக்க மாட்டோம்.”

அவர் என்னை முறைத்தார். பிறகு பைக்கை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டு ரோட்டில் யானை கடக்கும் இடம் என்ற பலகைகளைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போனோம். வழி முழுக்க அவர் நாராயணப்பனைத் திட்டினார், அவருடைய மச்சானைத் திட்டினார், கும்பலைத் திட்டினார். ஏழு ஐம்பத்தெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்லி வீட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு முன்பே ரோட்டோரத்தில் ஒரு வேனுக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் கையிலிருந்த பெட்டியை ஏற்றிவிட்டுத்தான் வந்தாள்.

“ஏறும்மா, போலாம்” என்றார் ஹரீஷ்குமார்.

“எங்கீங்க சார்?”

“வேலைக்குத்தான். உன் பேரை மறுபடியும் ஏத்தியாச்சு.”

“நான் இல்லைன்னு அத்தினி பேரு சொன்னாங்களே சார். இல்லாதவளைத் தேடிக்கினு இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க.”

“பழசை விடும்மா. அங்க பதினேழு பின் கெடக்குது.”

“எத்தினி மணிக்கு வரணும்?”

“எப்பவும் போல எட்டு…”

“எப்பவும் போலன்னா எட்டே கால் சார். உங்களுக்கே தெரியும். பஸ்ஸு எட்டுக்கு வராது. இந்த பைக்குல தெனம் கூட்டிகினு போறீங்களா?”

தக்காளி வேன்காரன் சிரித்துவிட்டான். ஹரீஷ்குமார் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“எட்டு இருபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சாயங்காலம் இருபது நிமிஷம் சேத்து இருந்துட்டுப் போறேன். எல்லண்ணன் போன்ல திருட்டுப் பச்சை இனிமே எனக்கு வேணாம்.”

“அதுக்கெல்லாம் எனக்கு அதிகாரம் இல்லம்மா. மேடம்தான் போடணும்.”

“அப்ப மேடம் வரட்டும். நான் இங்கதான் இருப்பேன்.” அடுத்த பெட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

வெள்ளிக்கிழமை மேடம் முன்னால் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

“சார், இவ பஸ்ல இருக்கறப்பவே ஏழு ஐம்பத்தெட்டுக்குப் பச்சை போட்டது நான். போடச் சொன்னது நீங்க. திரும்பிப் போனதும் மேடத்துகிட்ட ரெண்டையும் சொல்லிடறேன். கேமராவையும் பாக்கட்டும். பொய்ப் பதிவுன்னா மூணு பேரும் சேந்தே வெளிய போலாம். அப்புறம் அந்தப் பதினேழு பின்னை யாரு உரசுவாங்கன்னு மேடமே பாத்துக்கட்டும்.”

ஹரீஷ்குமார் என்னைப் பார்த்த பார்வை, குழாய்க்கு மேலே இருந்த காகிதம் திடீரென்று பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி இருந்தது.

“இப்பத்தான் வாய் வந்துச்சா” என்றாள் செல்லி, பெட்டியைத் தூக்கியபடியே.

வேன்காரனிடம் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாள் வாங்கினேன். பைக் சீட்டின் மேல் வைத்து எழுதினேன். அஞ்செட்டி பஸ் வரும் நேரத்தை முன்னிட்டுச் செல்லிக்குக் காலை வருகை நேரம் எட்டு இருபது. கீழே தேதி. ஹரீஷ்குமார் இரண்டு முறை படித்தார். “மேடத்துகிட்ட நானே பேசிக்கறேன்” என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தன் பேரையும் பதவியையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

செல்லி அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாளைக்கு வருகிறேன், இன்று இந்த வேனை முடித்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

“இன்னொரு விஷயம்மா” என்றார் ஹரீஷ்குமார். போனைக் கையில் எடுத்திருந்தார். “தலைமை ஆபீஸ்ல ஒரு வீடியோ கேக்கறாங்க. ‘நான் செல்லி, நான் இந்தக் கம்பெனியில வேலை செய்யறேன்’னு சொன்னா போதும். நெட்ல போட்டு அவனுங்க வாயை அடைக்கணும்னு மேடம் சொல்லி அனுப்பினாங்க.”

“வேலைக்கு வர்றேன் சார். படத்துக்கு வர மாட்டேன்.”

“ரெண்டு நிமிஷம்தான்மா.”

“அவனுங்ககிட்ட நான் இருக்கேன்னு எதுக்குச் சொல்லணும்? அவனுங்க எனக்கு யாரு?” பெட்டியை வேனில் வைத்துவிட்டுத் திரும்பினாள். “அங்க பதினேழு பின் கெடக்குதுன்னீங்களே. அதைப் படம் புடிச்சுப் போடுங்க.”

அவர் போனை இறக்கினார். நேரம் பார்த்தார். மூன்று மணிக்குள் மேடத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அந்த இடத்தில் டவர் இல்லை. ஒரு கோடுகூட வரவில்லை. அந்த மேட்டில் ஏறிப் பாறை மேல் நின்றால் கொஞ்சம் கிடைக்கும் என்று வேன்காரன் கையைக் காட்டினான்.

ஹரீஷ்குமார் ஷூ சறுக்கச் சறுக்க முள்ளுக்குள் ஏறினார். நான் பெட்டி ஏற்ற ஒரு கை கொடுத்தேன். மூன்றாவது பெட்டியைத் தூக்கும்போது மேலேயிருந்து சத்தம் கேட்டது. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, காட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“இருக்காங்க மேடம். ஹலோ, கேக்குதா? இருக்காங்க. நான் நேர்ல பாத்துட்டேன். ஆள் இருக்காங்க.”